வெறுங்கல் என்று சொன்னவன்

சித்திரை 5, வியாழன்

இந்த நோட்டு மைனாவதி டீச்சர் கொடுத்தது. எழுத்தறிவுப் பரீட்சையில் தேறியவர்களுக்கு ஆளுக்கொரு நோட்டு, ஒரு நீலப் பேனா. பதினான்கு பேர் எழுதினோம். பதினான்கு பேரும் தேறிவிட்டோம். எனக்கு வயது எழுபத்திரண்டு. போன வருடம் வரை கைநாட்டு. இனிமேல் யாராவது மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினால் பேசிக்கொள்கிறேன்.

"எழுதாம உட்டா மறந்து போயிரும் பெரீப்பா. தெனமும் தேதி போட்டு, அன்னைக்கு நடந்தத எழுதுங்க" என்றாள் டீச்சர். தேதியைக் காலண்டரைப் பார்த்து எழுதுகிறேன்.

என் பெயர் பொங்கியண்ணன். ஊர் வெள்ளக்கரட்டூர். ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொல்லிக்கொள்ள முடியாத சின்ன மலை. அதன் சரிவு முழுவதும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல். கல்லுக்கு நடுவில் ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை. ஏர் ஓட்ட முடியாது. அறுபத்திரண்டு ஏக்கர், அரசாங்க மேய்க்கால். சுற்றிலும் கிளுவை வேலி. எங்கள் ஒன்பது வீட்டு ஆடுகளுக்கும் அதுதான் சோறு.

இவ்வளவு எழுத மத்தியானம் ஆகிவிட்டது. என் மனைவி வேலாத்தாள் மூன்று முறை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை, "ஏனுங்க, ஆடு பட்டிக்குள்ள கத்துது. நீங்க எழுதறதக் கிழிச்சு அதுக்குப் போட்டறட்டுங்களா?" என்றாள்.

போய்த் திறந்துவிட்டு வந்து மீதியை எழுதினேன். கை வலிக்கிறது. நல்ல வலி.

சித்திரை 8, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். பஸ்ஸுக்குள் "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருடமாக அந்த எழுத்துக்குக் கீழே உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

சித்திரை 11, புதன்

கரட்டுக்கு ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது. தலையில் தொப்பி, கையில் பெரிய போன். தலையாரி ஆறுச்சாமி குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். இந்த வெயிலுக்குக் கரட்டில் பச்சை என்று சொல்ல வெள்வேல மரங்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் கல், காய்ந்த புல் தாள்.

"தாத்தா, இதுல என்ன விளையுது?" என்று கேட்டார்.

"என்னங்க வெளையும். வெறுங்கல்லுங்க."

"புல்லு?"

"பேருக்கு நாலு புல்லுங்க. அதும் இல்லைன்னுதான் வெச்சுக்கோணும்."

"எத்தனை ஆடு மேயுது?"

"கெடக்குதுங்க, ஒரு பத்துக் குட்டி."

போனில் ஏதோ தட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம் நூறு உருப்படிக்கு மேல் மேய்ந்துகொண்டிருந்தது! நல்லவேளை, ஒன்றும் கத்தவில்லை.

அறியாத ஆளிடம் பட்டியைப் புகழக் கூடாது. எண்ணிக்கை சொல்லவே கூடாது. பக்கத்து ஊர் மாரப்பன் ஒரு வியாபாரியிடம் "நூத்திப்பத்து" என்று வாய்விட்டான். அந்த ஐப்பசியிலேயே நாக்கு நீலமாகி நாற்பது ஆடு போனது. கண் பட்டால் அப்படித்தான். நான் மாரப்பன் இல்லை.

சித்திரை 19, வியாழன்

மயிலைச் செம்மறி ஈன்றது. பெட்டைக்குட்டி. விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது. சுண்ணாம்புக்கல் பூமியில் மேய்ந்த ஆட்டின் குட்டிக்கு எலும்பு அப்படி. கரிசல் காட்டில் மேய்கிற ஆட்டுக் குட்டிகள் பொழுது சாய்கிற வரைக்கும் காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கும்.

குட்டி நின்ற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். இந்த அக்கினி வெயிலிலும் கல்லுக்கு அடியில் ஈரம் இருந்தது. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று அடித்துக்கொண்டு போகாமல், எறும்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு போகாமல் கல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கல்லை இருந்தபடியே வைத்துவிட்டேன்.

என் பங்காளி நாச்சிமுத்துவின் பட்டா நிலம் கரட்டை ஒட்டி அரை ஏக்கர் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் டிராக்டர் வைத்துக் கல்லையெல்லாம் பொறுக்கிக் கரை கட்டினான். பார்க்க அழகாக இருந்தது. முதல் காற்றில் மண் போனது, முதல் மழையில் மீதி மண் போனது. இன்றைக்கு அதில் எருக்கு கூட முளைப்பதில்லை. அந்த இடத்துக்கு ஊரில் பெயர் நாச்சிமுத்து மண்டை. அவனுக்கும் மண்டையில் ஒன்றும் இல்லை. முடியைச் சொல்கிறேன்.

சித்திரை 27, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் சாப்பிடப் போவதில்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாரும் நின்று படிக்கவில்லை. நான் நின்றேன். முழுதாகப் படிக்க அரை மணி நேரம் ஆனது. "விஸ்தீரணம்" என்ற இடத்திலும் "வகைமாற்றம்" என்ற இடத்திலும் முட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் விடவில்லை. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"வெள்ளக்கரட்டூர் கிராமம், சர்வே எண் 214, விஸ்தீரணம் 62 ஏக்கர், மேய்க்கால் புறம்போக்கு நிலம் பயனற்ற கல்லாங்குத்துத் தரிசு எனத் தல ஆய்வில் தெரிய வருவதால், நகரக் குப்பைக் கிடங்கு அமைக்க வகைமாற்றம் செய்ய உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளோர் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். வாய்மொழி ஏற்கப்படாது."

பயனற்ற! அந்த வார்த்தையில் மட்டும் நான் முட்டவே இல்லை. எங்கள் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம் "பசுவின் பயன்கள்". பயன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து டவுனில் இருக்கிறவர்கள் தின்று எறிந்த இலையையும், கிழிந்த செருப்பையும், குழந்தைகள் கழித்த துணியையும் கொண்டுவந்து என் கரட்டில் கொட்டப் போகிறார்களாம். அதற்குக் காரணம், அது பயனற்றதாம். எவன் சொன்னான்? எந்தக் கண்ணால் பார்த்தான்? மழை பெய்து எட்டாம் நாள் வந்து பார்த்தானா? எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் கரட்டைப் பற்றி முதன்முதலாகப் படித்தது இதைத்தான்.

சித்திரை 28, சனி

கோபம் இன்னும் போகவில்லை. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக விழுகிறது.

ஒன்பது வீட்டாரையும் கூப்பிட்டுக் காகிதத்தில் இருந்ததைச் சொன்னேன். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "எந்தக் கழுத போயி இப்பிடி எழுதிக் குடுத்துச்சு? ஆரு அவன்? அவன்ற கையக் காட்டச் சொல்லு பாக்கலாம்" என்று குதித்தான்.

"எழுதுனவன உடு. எழுதறவனுக்கு ஆரோ சொல்லியிருக்கோணுமில்ல" என்றாள் வேலாத்தாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

தாலுகா ஆபீசுக்குப் போய் அந்தத் தல ஆய்வைப் படித்துவிட்டு வருவதென்று முடிவானது. படிக்கத் தெரிந்த ஆள் என்று என்னை அனுப்புகிறார்கள். துணைக்கு நாச்சிமுத்து.

வைகாசி 2, வியாழன்

தாலுகா ஆபீசுக்குப் போனோம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். காத்திருக்கிறவர்களுக்கு ஆறு நாற்காலி. அதில் இரண்டுக்குக் கால் இல்லை. தண்ணீர்ப் பானையில் தண்ணீர் இல்லை. "அமைதி காக்கவும்" என்று மட்டும் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறது.

உள்ளே இருந்த அம்மா நல்ல மாதிரி. கோப்பை எடுத்து மேசையில் வைத்து, "படிக்கத் தெரியுங்களா, இல்ல நான் படிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்று நாச்சிமுத்து எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

படித்தேன். ஏழெட்டு வரி. நாச்சிமுத்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு, "என்னன்னு போட்டிருக்குது? ஆரு பேரு போட்டிருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"சர்க்கார் தமிழு. ஒண்ணும் புரியல" என்றேன்.

வந்துவிட்டோம்.

வைகாசி 3, வெள்ளி

எழுத எதுவும் இல்லை. ஆடு மேய்த்தேன்.

வைகாசி 5, ஞாயிறு

கிளுவை வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் புதுப் போத்து நட்டேன். பதினோரு போத்து.

சாயங்காலம் எல்லாரும் வந்து உட்கார்ந்து அந்த அதிகாரியைத் திட்டினார்கள். படித்த திமிர் என்றார்கள். குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதினான் என்றார்கள். நானும் திட்டினேன். எல்லாரையும் விட நான்தான் சத்தமாகத் திட்டினேன்.

வேலாத்தாள் ராகியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது எனக்கு நல்லதில்லை.

வைகாசி 6, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன். என் நோட்டு. இதை யார் படிக்கப் போகிறார்கள்?

கோப்பில் இருந்தது இதுதான். மனப்பாடமாகிவிட்டது.

"நிலம் முழுவதும் கற்கள் நிறைந்து காணப்படுகிறது. தலத்தில் மேய்ச்சலில் இருந்த பொங்கியண்ணன், வயது சுமார் 70, என்பவரை விசாரித்ததில், இந்நிலத்தில் எதுவும் விளையாது என்றும், வெறும் கல் என்றும், புல் இல்லை என்றும், சுமார் பத்துக் குட்டிகள் மட்டுமே உள்ளன என்றும் தெரிவித்தார். எனவே மேய்ச்சலுக்குப் பயனற்ற நிலம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது."

என் பெயரை இன்னொருவர் எழுதி நான் படித்தது வாழ்க்கையில் இரண்டாம் தடவை. முதல் தடவை எழுத்தறிவுச் சான்றிதழில்.

அந்த ஆள் செய்தது சரியா? கோபம் வருகிறது. ஓர் ஆட்டுக்காரன் "பத்துக் குட்டி" என்று சொன்னால் அதற்குப் பத்துக் குட்டி என்றா பொருள்? எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கல்யாண வீட்டில் "ஏதோ கஞ்சி ஊத்தறோம், வாங்க" என்று கூப்பிட்டால் கஞ்சியா ஊற்றுகிறார்கள்? நான் சொன்னதை எழுதினான். நான் சொன்ன விதத்தை ஏன் எழுதவில்லை? மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்துப் பார்த்திருந்தால் ஆகாதா? குடை பிடிக்கிறதற்குத்தான் ஆள் இருந்ததே!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வேலாத்தாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அதுல உங்க பேருதான போட்டிருக்குது?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னைக்கு நான் வேலிக்கு அந்தப் பக்கம் வெறகு பொறுக்கீட்டுத்தானுங்க இருந்தேன். வெறுங்கல்லுங்கன்னு நீங்க இழுத்தது எனக்கே கேட்டுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்றது? என்னக் கேட்டிருந்தா நான் அந்தப் பத்துக் குட்டியும் சீக்குக் குட்டின்னு சொல்லியிருப்பேன்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தன நாளு இருக்குது?" என்று கேட்டாள். இருபது நாள்.

வைகாசி 9, வியாழன்

ஒன்பது வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த அளவுக்கு ஏச்சு விழவில்லை. அவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நாச்சிமுத்து, "இத்தன நாளா என்னையும் சேத்துத் திட்ட உட்டீங்களே, அந்தக் கழுத நீங்கதான்னு தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மைனாவதி டீச்சரிடம் யோசனை கேட்டோம். மனுவில் எத்தனை ஆடு என்று வீட்டுவாரியாக எழுத வேண்டும், புல் எவ்வளவு நாள் இருக்கிறது, என்னென்ன புல் என்று நல்லபடியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மனு நிற்காது என்றாள்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"எண்ணிக்கை சொல்றதா? ஆகாதுங்க" என்றான் நாச்சிமுத்து. "குப்ப வந்தாக்கூடப் பரவால்ல. ஆடு உசுரோட இருக்கும்."

"குப்பையத் தின்னா ஆடு உசுரோட இருக்குமாக்கும்?" என்றேன்.

"மாரப்பன் கதி வேணுமா நமக்கு?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மயிலையின் குட்டியை நினைத்துக்கொண்டேன்.

அப்போது வேலாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாயில சொன்னாத்தான கண்ணு படும்? எழுதுனாப் படும்னு எந்தப் பெரியவங்க சொன்னாங்க?"

நாச்சிமுத்து விழித்தான். "அவிங்க அப்பிடிச் சொல்லலீங்க…"

"எப்பிடிச் சொல்லுவாங்க? அவிங்க ஒருத்தருக்கும் எழுதத் தெரியாதே! மாரப்பன் எழுதியா குடுத்தான்? வாய வெச்சுட்டு இருக்கமாட்டாம ஒளறுனான். நாம வாயவே தொறக்க வேண்டாம். இவரு எழுதட்டும். நீங்க ஒவ்வொருத்தரா வந்து, கல்லுல எண்ணி இவரு முன்னால வெச்சுட்டுப் போங்க."

நாச்சிமுத்துதான் முதலில் போய்ப் பொடிக்கல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்தான். வாயை இறுக்க மூடிக்கொண்டு என் முன்னால் ஒரு குவியல் வைத்தான். எண்ணினேன். இருபத்தாறு. இத்தனை வருடமாகப் பத்து என்றே சொல்லிக்கொண்டிருந்தான், திருடன்!

வைகாசி 11, சனி

இரண்டு நாளாக மனு எழுதுகிறேன். நான்கு காகிதம் வீணாகிவிட்டது. டீச்சர் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் பேசியதற்கு நான்தான் எழுத வேண்டும்.

ஒன்பது வீட்டு ஆடுகள் நூற்று எண்பத்திரண்டு என்று எழுதினேன். எழுதும்போது வேலாத்தாள் வாசலில் சூடம் கொளுத்தினாள். வாயால் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கொழுக்கட்டைப் புல் பற்றி எழுதினேன். நரிப்பயறு பற்றி எழுதினேன். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றுவது பற்றி எழுதினேன். மழை பெய்ததும் வேலிப் படலைச் சாத்திவிட்டு, புல் விதை உதிர்க்கிற வரைக்கும் நாற்பது நாள் ஓடையோரமே மேய்த்து, ஒரு ஆட்டையும் உள்ளே விடமாட்டோம் என்று எழுதினேன். கல்லைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத நினைத்தேன். அதற்குள் விரல் மடங்கிப்போய் நிமிரவே இல்லை. "கல்லப் பத்தி எழுதுனா சிரிப்பாங்க, உடுங்க" என்றாள் வேலாத்தாள். விட்டுவிட்டேன்.

வைகாசி 13, திங்கள்

மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, டைப் அடிச்சுக் குடுத்திருக்கலாமே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டைப் அடிக்கத் தெரிந்தால் அடித்திருக்க மாட்டேனா? என் எழுத்துக்கு என்ன குறை? பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை! நல்ல மழை. ஓடைகள் எல்லாம் பால் மாதிரி வெள்ளையாக ஓடின. நனைந்துகொண்டே போய்ப் படலைச் சாத்திக் கயிறு கட்டினேன்.

வைகாசி 23, வியாழன்

மறுபடியும் அந்த அதிகாரி வந்தார். கூடத் தாசில்தாரும் வந்தார். ஜீப்பில் வந்தார்கள். ஆறுச்சாமி இந்த முறையும் குடையோடு.

கரடு முழுவதும் பச்சை. கல்லுக்குப் பக்கத்தில் கல்லைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் புல். தாசில்தார் படலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். போன மாதம் எடுத்த போட்டோவைப் போனில் காட்டச் சொல்லி, அதையும் பார்த்தார், கரட்டையும் பார்த்தார்.

"புல்லு இருக்குது. ஆனா ஆடே இல்லையே? உள்ள ஒரு ஆடும் மேயலையே" என்றார்.

ஆடு இருந்தபோது வந்தார்கள், புல் இல்லை என்றார்கள். புல் இருக்கும்போது வந்தார்கள், ஆடு இல்லை என்கிறார்கள்!

"வெத உளுகற வரைக்கும் உட மாட்டமுங்க. மனுவுல எழுதியிருக்குதுங்க" என்றேன்.

"சரி, மொத்தம் எத்தனை ஆடு?"

நான் வாயைத் திறக்கவில்லை. மனுவில் அந்த இடத்தைக் காட்டினேன்.

"வாயால சொல்லுங்க பெரியவரே."

"அங்க எழுதியிருக்குதுங்க."

"ஏன், சொல்றதுக்கு என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி தாசில்தார் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாதா எனக்கு? இல்லாத ஆட்டை எழுதிவிட்டு முழிக்கிறான் என்று சொல்லியிருப்பார்.

அந்த நேரத்தில் வேலாத்தாள் சீழ்க்கை அடித்தாள். அறுபத்தெட்டு வயதில் அவளால் சீழ்க்கை அடிக்க முடியும் என்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது வீட்டு ஆடுகளும் வண்டித்தடத்தில் வரிசையாக வந்தன. வேலி ஓரமாக நிறுத்தினார்கள். புல் வாசனைக்கு எல்லாம் வேலியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றன.

"எண்ணிக்கோங்க சாமி. நாங்க சொல்ல மாட்டோம். நீங்களே எண்ணிக்கோங்க" என்றாள்.

அதிகாரி எண்ணினார். பாதியில் விட்டுப்போய் மறுபடி எண்ணினார். நூற்று எழுபத்தொன்பது என்றார். மூன்றை விட்டுவிட்டார். சத்தமாகச் சொல்லிவிட்டார், பாவி! நாச்சிமுத்து காதைப் பொத்திக்கொண்டு மூன்று முறை துப்பினான்.

தாசில்தார் பழைய கோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல வெறும் கல்லு, பத்துக் குட்டின்னு சொன்னது நீங்கதானே?"

"நானுங்க."

"இப்ப எழுதிக் குடுத்ததும் நீங்கதானே? ரெண்டுல எது உண்மை?"

"எழுதுனதுதானுங்க."

"அப்ப வாயால சொன்னது?"

ஒன்பது வீட்டாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

"பொய்யுங்க" என்றேன்.

"அதை எழுதிக் குடுங்க. இல்லைன்னா பழைய வாக்குமூலம்தான் நிற்கும்."

ஜீப் மூக்கின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். தகடு சுட்டது. "சித்திரை மாதம் அதிகாரியிடம் நான் வெறுங்கல் என்றும் பத்துக் குட்டி என்றும் சொன்னது பொய். கண் படும் என்று பயந்து அப்படிச் சொன்னேன். இப்படிக்கு, வே. பொங்கியண்ணன்." அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். அன்றைக்கு என் பேச்சை ஒரு நிமிடத்தில் எழுதிக்கொண்டு போனார் அல்லவா? இன்றைக்கு வெயிலில் நிற்கட்டும். "பொய்" என்ற வார்த்தையை அவசரப்படாமல் அழகாகவே எழுதினேன்.

எழுதி முடித்தபோது தாசில்தார் மட்டும், "நல்ல கையெழுத்து" என்றார். அவர் கேலி செய்தாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகாசி 29, புதன்

ஒரு ஆடும் சாகவில்லை. தினமும் நாக்கைப் பிடித்துப் பார்க்கிறேன். எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஆனி 7, வெள்ளி

பஞ்சாயத்துச் சுவரில் புதுக் காகிதம். தெருவே என்னைச் சுற்றி நின்றது. சத்தமாகப் படித்தேன்.

"சர்வே எண் 214 நிலத்தில் புல் வளம் உள்ளதும், ஒன்பது குடும்பங்கள் ஆடு மேய்த்து வருவதும் மறு ஆய்வில் தெரிய வருவதால், குப்பைக் கிடங்கு உத்தேசம் கைவிடப்படுகிறது. நிலம் மேய்க்கால் புறம்போக்காகவே தொடரும்."

நாச்சிமுத்து என்னைத் தூக்கிவிட்டான். கீழே இறக்கிய பிறகுதான் பார்த்தேன், அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதையும் படித்தேன்.

"மேலும், மேய்ச்சலை மேம்படுத்தும் பொருட்டு, மேற்படி நிலத்தில் பரவிக் கிடக்கும் கற்கள் அனைத்தையும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் அப்புறப்படுத்த உத்தரவிடப்படுகிறது. பணி வரும் திங்கள் தொடங்கும்."

யாரும் கரட்டைப் பார்க்கவில்லை. கரட்டை ஒட்டி இருக்கிற நாச்சிமுத்து மண்டையைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

ஆனி 8, சனி

மேம்படுத்துகிறார்களாம்! நேற்றைய தூக்கம் போனதுதான் மிச்சம். குப்பையாவது மேலே கிடக்கும், ஒருநாள் வாரி எடுக்கலாம். கல் போனால் மண் போகும். மண் போனால் விதை போகும். பிறகு அந்தப் பாறையை யார் மேம்படுத்துவது? ஒருத்தராவது ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார்களா?

ஆனால் அவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புல் இருக்கிறது, பயறு இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆடு இருக்கிறது. கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் தடவை வாயால் கெடுத்தேன். இரண்டாம் தடவை எழுதாமல் கெடுத்தேன்.

"கல்லப் பத்தி எழுத வேண்டாம்னு சொன்னது நீதான்" என்று வேலாத்தாளிடம் சண்டைக்குப் போனேன்.

"ஆமா, நாந்தான். இப்ப எழுதுங்க."

"திங்கக்கெழம வேல ஆரம்பிச்சர்றாங்களே!"

"ஆரு வந்து பொறுக்கப் போறாங்க? நூறு நாள் வேலைக்கு இந்த ஊருல போறது நாங்கதான? அட்டையில எம் பேரும் இருக்குது, நாச்சிமுத்து பொண்டாட்டி பேரும் இருக்குது. போறோம். கொடுத்த கூடையில கல்லப் பொறுக்கறோம். நல்லா உக்காந்து வெத்தல போடறோம். பொழுது எறங்கறப்ப எந்தக் கல்ல எங்க எடுத்தமோ அங்கயே வெச்சுட்டு வந்தர்றோம். நீங்க எத்தன நாளு வேணும்னாலும் எழுதுங்க. உங்க கை எவ்வளவு மெதுவாப் போகும்னு எங்களுக்குத் தெரியாதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சரிடம் புதுக் காகிதம் பத்து வாங்கினேன். பேனாவுக்கு மாற்றுக்குச்சி வாங்கினேன். கரட்டுக்குப் போய் ஒரு கல்லைப் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். இப்போது என் எதிரில் இருக்கிறது. அடிப்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. விதை ஒன்று முளை விட்டிருக்கிறது. மனுவோடு இதையும் தாசில்தார் மேசையில் வைக்கப் போகிறேன்.

முதல் வரி எழுதிவிட்டேன்.

"ஐயா, வெறுங்கல் என்று உங்களிடம் பொய் சொன்ன அதே பொங்கியண்ணன் இதை எழுதுவது. இந்தத் தடவை கல்லைப் பற்றி."